தங்கையின் ரிப்போர்ட்டில் ‘கனெக்டிவ் டிஷ்யூ டிசீஸ்’

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் தெரிய வேண்டுமே. தங்கைக்கு 31 வயது. ஐந்தாறு மாதமாக விரல் மூட்டுகளில் வலி. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரலை மடக்க முடியவில்லை. ஏசி அறையில் உட்கார்ந்தால் விரல் நுனிகள் வெளுத்துப்போகின்றன. ஏ.என்.ஏ. பரிசோதனை (செல்லின் உட்கருவுக்கு எதிராக உடம்பே தயாரிக்கும் எதிர்ப்புப் புரதம், அதாவது ஆன்டிபாடி, ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது) பாசிட்டிவ். ‘கனெக்டிவ் டிஷ்யூ டிசீஸ் போலிருக்கிறது, ருமட்டாலஜி டாக்டரைப் பாருங்கள்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் (மூட்டு நோய்களையும் இந்த மாதிரி நோய்களையும் பார்க்கும் டாக்டர்). ராத்திரி முழுக்க இணையத்தில் தேடினீர்கள்; ரத்தக்குழாய் கிழிந்து சாவு, பரம்பரை நோய், மருந்தே கிடையாது என்றெல்லாம் வந்தது. இது என்ன நோய், குடும்பத்தில் எல்லோருக்கும் வருமா, கொலாஜன் பவுடர் வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

நான் மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்தியவன். நோயாளிகளைப் பார்க்கிற டாக்டர் இல்லை. ஆனால் உங்கள் குழப்பம் எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும். என் மாணவர்களும் வருடா வருடம் இதே இடத்தில்தான் வழுக்குவார்கள். ‘கனெக்டிவ் டிஷ்யூ டிசீஸ்’, தமிழில் ‘இணைப்புத் திசு நோய்’, என்ற ஒரே பெயரில் இரண்டு கூட்டம் இருக்கிறது. ஒன்றில், திசுவை நெய்யும் நூலே பிறவியிலிருந்து பிசகு. இன்னொன்றில் நூல் ஒழுங்காகத்தான் இருக்கிறது, உடம்பின் எதிர்ப்பு சக்தி ஆள் தெரியாமல் சொந்த வீட்டுக்காரனையே அடிக்கிறது. ராத்திரி நீங்கள் படித்தது முதல் கூட்டத்தைப் பற்றி. டாக்டர் எழுதியது இரண்டாவதைப் பற்றி. இரண்டுக்கும் வைத்தியம் வேறு, போகிற வழியும் வேறு.

ஆட்டுக்கறி வாங்கிவந்து கழுவும்போது சதையின் மேல் வெள்ளையாக ஒரு ஜவ்வு ஒட்டியிருக்கும். கத்தி நுனியால் நெம்பினால் கண்ணாடித் தாள் மாதிரி உரிந்து வரும். எலும்போடு சதை சேரும் இடத்தில் எவ்வளவு மென்றாலும் மசியாத வெள்ளை நாண் இருக்கும். மூட்டு முனையில் குருத்தெலும்பு. இவையெல்லாம் இணைப்புத் திசுதான். ‘முட்டி ஜவ்வு கிழிஞ்சுபோச்சு’ என்று விளையாடுகிற பையன்கள் சொல்வதும் இதைத்தான். தோலுக்கு அடியில், ரத்தக்குழாய்ச் சுவரில், நுரையீரலில், கண்ணின் வெள்ளைப் பகுதியில், ஒவ்வொரு உறுப்பைச் சுற்றிய உறையில் என்று அது இல்லாத இடமில்லை.

மற்ற திசுக்களில் செல்கள் செங்கல் அடுக்கிய மாதிரி நெருங்கி நிற்கும். இதில் தலைகீழ். செல்கள் அங்கொன்று இங்கொன்றாக இருக்கும். அவை சுரந்துவிட்ட பொருள்தான் நடுவில் நிறைந்து கிடக்கும். ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்தான் இதில் பெரிய உழைப்பாளி. அது சுரப்பவை இவை: இழுத்தாலும் அறாத கொலாஜன், இழுத்துவிட்டால் பழைய நிலைக்கே திரும்பும் எலாஸ்டின், அந்த எலாஸ்டினுக்குச் சாரம் கட்டி நிற்கும் ஃபைப்ரிலின், இவற்றுக்கு நடுவே தண்ணீரைப் பிடித்துவைக்கும் கூழ். பாடப்புத்தகக் கணக்கில் எலும்பும் கொழுப்பும் ஏன் ரத்தமும்கூட இணைப்புத் திசுதான். ரத்தத்தை இதில் சேர்ப்பது எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை; அது கிடக்கட்டும்.

இவற்றில் கொலாஜனைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். உடம்பிலுள்ள மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் அதுதான். 28 வகை இருக்கிறது, அதில் முதல் வகை மட்டுமே பெரும்பங்கு. அப்புறம், அதன் அமைப்பைக் கண்டுபிடித்தது நம் சென்னையில். 1952இல் ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது முப்பதை ஒட்டித்தான் இருக்கும். சென்னைக்கு வந்திருந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனார். பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். பதனிட்ட தோல் என்பதே விலங்குத் தோலின் கொலாஜனைக் கெட்டிப்படுத்தியதுதானே, அவர்களுக்கும் இதில் அக்கறை உண்டு. அவர்கள் மூலமாகக் கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. அதன் மேல் எக்ஸ்-கதிரைப் பாய்ச்சிப் படமெடுத்து, ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்: கொலாஜன் மூன்று இழை சேர்ந்த அமைப்பு. மறு ஆண்டு அந்த மூன்றும் கயிறு போல ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று திருத்திச் சொன்னார்கள்.

ஊர்ப் பெருமைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. முதல் கூட்டத்து நோய்கள் ஏன் வருகின்றன என்பதற்கு விடை அந்தக் கயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. மூன்று இழைகளும் நெருங்கும் நடுப்பகுதியில் இடமே கிடையாது. புரத இழை என்பது அமினோ அமிலங்கள் என்ற மணிகளைக் கோத்தது. அவற்றில் மிகச் சிறியது கிளைசீன். அது மட்டும்தான் அந்த இடுக்கில் நுழையும். அதனால் இழையில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசீன் இருந்தே ஆக வேண்டும். முதல் வகைக் கொலாஜனில் இப்படி 338 முறை தொடர்ந்து வருகிறது. மரபணுவில் ஓர் எழுத்து மாறி, ஒரே ஓர் இடத்தில் கிளைசீனுக்குப் பதிலாக அதைவிடப் பருத்த ஒன்று வந்து உட்கார்ந்தால் அங்கே முறுக்கு தடுக்கி நிற்கும்.

எலும்பில் இது நடந்தால் லேசாகத் தட்டினாலே எலும்பு முறியும் குழந்தைகள் பிறக்கிறார்கள். ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா என்பார்கள். சிலருக்குக் கண்ணின் வெள்ளை நீலம் பாய்ந்து தெரியும். வெள்ளைப்படலம் மெலிந்துபோய் உள்ளே இருக்கிற கருமை வெளியே தெரிவதுதான் காரணம். இதில் ஒரு கணக்கு உண்டு, வகுப்பில் எப்போதும் போட்டுக் காட்டுவேன். முதல் வகைக் கயிற்றில் ஒரே மாதிரி இரண்டு இழை, வேறு மாதிரி ஒன்று. அந்த இரட்டை இழைக்கான மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று வருகிறது. இரண்டில் ஒன்று கெட்டிருந்தால் பாதி கயிறுதானே கெட வேண்டும்? கெடுவது முக்கால்வாசி. இரண்டு இழையும் நல்லதாக அமைய நான்கில் ஒரு வாய்ப்புதான் இருக்கிறது. அந்த மரபணு சுத்தமாக வேலையே செய்யாமல் போனால் கயிறு பாதியாகக் குறையும், ஆனால் உருவாகிற கயிறு அத்தனையும் நல்ல கயிறு. அதனால் நோயும் லேசாகவே இருக்கும். ஆள் குறைந்தால் வேலை மெதுவாக நடக்கும். வேலை தெரியாத ஆள் நடுவில் புகுந்தால் கட்டிய சுவரும் சாயும்.

நீங்கள் பயந்துபோன அந்த ‘ரத்தக்குழாய் கிழிதல்’ எலர்ஸ்-டான்லோஸ் நோயின் ஒரு வகையில் வருவது. மூன்றாம் வகைக் கொலாஜன் ரத்தக்குழாய்ச் சுவரில் நிறைய இருக்கிறது. அந்தக் கயிற்றில் மூன்று இழையும் ஒரே மரபணுவிலிருந்து வருவதால் கணக்கு இன்னும் மோசம்: எட்டில் ஏழு கயிறு கெடும். ஆனால் எலர்ஸ்-டான்லோஸில் 2017 வகைப்பாட்டின்படி 13 வகை உண்டு, ரத்தக்குழாய் வகை அதில் அரிது. அதிகம் காணப்படுவது மூட்டு தளர்ந்து, அடிக்கடி பிசகி, நாள்பட்ட வலி தரும் வகை. அதற்கான மரபணு இன்னும் பிடிபடவில்லை. ஒன்று சொல்ல வேண்டும்: சின்ன வயதில் கட்டைவிரலை முன்கையில் தொடுமளவு மடக்கிக் காட்டி ‘எனக்கு எலும்பே இல்லை’ என்று வித்தை காட்டியவர்கள் எல்லோரும் நோயாளிகள் இல்லை. வலியும் பிசகலும் சேர்ந்து வந்தால்தான் டாக்டர் யோசிப்பார்.

மார்ஃபன் நோயில் கெடுவது ஃபைப்ரிலின். 5,000 பேரில் ஒருவருக்கு வருகிறது. நெடுநெடுவென்ற உயரம், நீண்ட விரல், இடம்பெயர்ந்த கண்வில்லை. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி மெல்ல மெல்ல விரிவதுதான் இதில் ஆபத்து. 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அமெரிக்க வாலிபால் வீராங்கனை ஃப்ளோ ஹைமன், ஆறரை அடிக்குக் கொஞ்சம் குறைந்தவர், 1986 ஜனவரியில் ஜப்பானில் ஆட்டத்தின் நடுவே சரிந்து இறந்தார். பெருந்தமனி கிழிந்திருந்தது. அவருக்கு மார்ஃபன் இருந்தது என்பது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. இன்று எக்கோ என்ற இதய ஸ்கேனில் அளந்து, ரத்த அழுத்தத்தைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை கொடுத்து, ஓர் அளவைத் தாண்டி விரிந்தால் கிழிவதற்கு முன்பே அந்தப் பகுதியை மாற்றிவிடுகிறார்கள். கால்வாசிப் பேருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமலே புதிதாக வருகிறது. உங்கள் தங்கைக்கு நீங்கள் சொன்ன அறிகுறி எதுவும் இந்தப் பக்கம் பொருந்தவில்லை.

நூல் பிசகு எப்போதும் பிறவியில்தான் வரும் என்றும் இல்லை. கொலாஜன் கயிறு உறுதியாக நிற்க அதிலுள்ள புரோலீன் என்ற அமினோ அமிலத்தில் ஒரு சின்ன வேதி மாற்றம் நடக்க வேண்டும், அதற்கு வைட்டமின் சி வேண்டும். 1740இல் உலகைச் சுற்றப் புறப்பட்ட பிரிட்டிஷ் தளபதி ஜார்ஜ் ஆன்சனின் கப்பல்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் வைட்டமின் சி இல்லாமல் வரும் ஸ்கர்வி நோயால். அந்தப் பயணக் குறிப்பில் வருகிற ஒரு வயதான சிப்பாயை என்னால் மறக்க முடியாது. 1690இல் அயர்லாந்தில் நடந்த பாய்ன் போரில் பட்ட காயம் ஆறி ஐம்பது வருடம் ஆகியிருந்தது. கடலில் ஸ்கர்வி வந்ததும் அந்தப் பழைய தழும்பு பிளந்து, ஆறவே ஆறாத காயம் போல ஆனது. தழும்பு என்றால் ஆறி முடிந்த விஷயம் என்று நினைக்கிறோம். அங்கே கொலாஜன் அழிவதும் புதிதாக நெய்யப்படுவதும் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது. நெசவு நின்றால் தையல் விடும். இதற்கு வைத்தியம் எலுமிச்சையும் நெல்லிக்காயும்தான், வேறு மாயம் எதுவும் இல்லை.

நம் ஊருக்கே உரியதாக எதிர்த்திசையில் ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிட்டுப் போக மனமில்லை. பாக்கு, மாவா, பான் மசாலா, குட்கா என்று வாயில் அடக்கிவைக்கிறவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் வெளுத்து, பட்டை பட்டையாக இறுகிவிடும். முதலில் காரம் பட்டால் எரிச்சல். பிறகு வாய் திறப்பு குறையும்; மூன்று விரல் நுழைந்த வாயில் ஒரு விரல் நுழைய மறுக்கும். பாக்கிலுள்ள அரெக்கோலின், ஃபைப்ரோபிளாஸ்ட்டை உசுப்பிக் கொலாஜனைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள், அந்தக் கொலாஜனை உடம்பு கரைக்க முடியாதபடி கெட்டியாக்குகிறது. ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிடுவார்களே, அதிலும் வேலை செய்வது டானின்தான். கூசாமல் சொன்னால், உயிரோடு இருக்கிற மனிதனின் கன்னத்தைப் பதனிடுகிறார்கள். இது வாய்ப்புற்றுக்கு முந்தைய நிலை. புகையிலையே சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்து 20 ஆண்டுக்கு மேல் ஆகிறது.

சரி, உங்கள் தங்கை விஷயத்துக்கு வருவோம்.

1942இல் நியூயார்க்கில் பால் க்ளெம்பெரர் என்ற நோய்க்குறியியலாளர், லூபஸ் (எதிர்ப்பு சக்தி தோல், மூட்டு, சிறுநீரகம் என்று பல இடங்களைத் தாக்குவது), ஸ்க்ளீரோடெர்மா (தோல் இறுகுவது) நோயாளிகளின் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கொலாஜன் இருக்கிற இடமெல்லாம் உப்பி, நிறம் மாறிக் கிடந்தது. இவற்றுக்கு ‘கொலாஜன் நோய்கள்’ என்று பெயர் வைத்தார். பிறகு 1948இல் லூபஸ் நோயாளிகளிடம் விசித்திரமான ஒரு செல் தென்பட்டது: வெள்ளணு இன்னொரு செல்லின் உட்கருவை விழுங்கிக்கொண்டிருந்தது. அதைத் துருவிக்கொண்டு போனதில் உட்கருவுக்கு எதிராகவே உடம்பு ஆன்டிபாடி தயாரிக்கிறது என்று 1950களில் தெளிவானது. ஆக, கொலாஜன் மேல் குற்றமே இல்லை. நெருப்பு வைத்தது ஒருவன், எரிந்தது இன்னொருவன் வீடு. ‘கொலாஜன் நோய்’ என்ற பெயர் மெல்ல ‘கனெக்டிவ் டிஷ்யூ நோய்’ ஆனது, அதற்கு மேல் மாறாமல் தங்கிவிட்டது. மருத்துவத்தில் தவறான பெயர்களுக்கு ஆயுசு ஜாஸ்தி.

இந்தக் கூட்டத்தில் லூபஸ், ஸ்க்ளீரோடெர்மா, கண்ணும் வாயும் வறளும் ஷோக்ரன், தசையழற்சி நோய்கள் வரும். முடக்குவாதத்தையும் பலர் இதில் சேர்ப்பார்கள். லூபஸ் பத்துப் பேருக்கு வந்தால் அதில் ஒன்பது பேர் பெண்களாக இருப்பார்கள், அதுவும் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில். குடும்பத்தில் ஓரளவு சாய்வு உண்டு. ஆனால் அச்சில் வார்த்த இரட்டைப் பிறவிகளில் ஒருவருக்கு லூபஸ் வந்தால்கூட மற்றவருக்குப் பெரும்பாலும் வருவதில்லை. ‘குடும்பத்தில் எல்லோருக்கும் வருமா’ என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் பதில்.

ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்பதை மட்டும் வைத்து யாருக்கும் நோய்ப் பெயர் சூட்ட முடியாது. ரிப்போர்ட்டில் 1:80, 1:160 என்று எண் இருக்கும், பாருங்கள். ரத்தத்தை அத்தனை மடங்கு நீர்த்த பிறகும் ஆன்டிபாடி தெரிகிறது என்று பொருள். எண் பெரிதாக இருந்தால் சந்தேகமும் கூடும். ஒரு நோயும் இல்லாதவர்களிடம் எடுத்தால்கூட 1:40 அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கும், 1:160 அளவில் இருபதில் ஒருவருக்கும் பாசிட்டிவ் வரும். தைராய்டு நோய், நாள்பட்ட தொற்று, காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் மாத்திரை என்று வேறு காரணங்களும் உண்டு. இன்று ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ என்ற பெயரில் அறிகுறியே இல்லாதவர்களுக்கும் இதை எடுத்துவிட்டுத் தூக்கம் கெட்டு அலைகிறவர்கள் அதிகம். எனக்கு இதில் கோபமே உண்டு.

உங்கள் தங்கை கணக்கு அப்படியில்லை. காலையில் ஒரு மணி நேரம் விறைப்பு இருந்தால் அது தேய்மானம் போல இல்லை, அழற்சி போலத்தான் இருக்கிறது. தேய்மான வலி நடக்க நடக்கக் கூடும். அழற்சி வலி எழுந்தவுடன் மோசமாக இருந்து, கை வேலை செய்யச் செய்ய இளகும். விரல் வெளுப்பதற்கு ரேனோ என்று பெயர். குளிர் பட்டதும் விரலின் சின்ன ரத்தக்குழாய்கள் இறுகி, முதலில் வெளுத்து, பிறகு நீலம் பாய்ந்து, ரத்தம் திரும்பும்போது சிவந்து எரியும். ஊட்டிக்குப் போக வேண்டியதில்லை, ஏசியும் ஃபிரிட்ஜ் தண்ணீரும் போதும். பத்துப் பதினைந்து வயதிலிருந்தே இருந்து, வேறு தொந்தரவே இல்லையென்றால் பெரும்பாலும் அது சும்மா வருகிற ரேனோதான். முப்பதுக்கு மேல் புதிதாக வந்து, கூடவே மூட்டு வலியும் ஏ.என்.ஏ.வும் சேர்ந்தால் பார்க்க வேண்டும். அனுப்பிய டாக்டர் சரியாகத்தான் அனுப்பியிருக்கிறார்.

ருமட்டாலஜி டாக்டர் நகத்தின் அடித்தோலைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். அங்கே நுண்குழாய்கள் ஹேர்பின் மாதிரி வரிசையாக நிற்கும். ஸ்க்ளீரோடெர்மாவில் அவை வீங்கியும் ஆங்காங்கே காணாமல் போயும் இருக்கும். விரல் வீக்கம், ரேனோ, மூட்டு வலி மூன்றும் சேர்ந்தால் ‘மிக்ஸ்டு கனெக்டிவ் டிஷ்யூ டிசீஸ்’ என்று 1972இல் விவரிக்கப்பட்ட ஒன்றையும் யோசிப்பார்கள், அதற்கென்று ஆர்.என்.பி. என்ற தனி ஆன்டிபாடி இருக்கிறது. அதனால் அடுத்த கட்டமாக ஆன்டிபாடிகளைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனை எழுதுவார்கள், முடக்குவாதத்துக்கான ஆன்ட்டி-சி.சி.பி.யும் இருக்கும். எதிலும் முழுசாகப் பொருந்தாமல் ‘அன்டிஃபரன்ஷியேட்டட்’ (இன்னது என்று இன்னும் பிரியாதது) என்று எழுதினாலும் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். பலருக்கு வருடக்கணக்கில் அப்படியே நிற்கும், சிலருக்கு அடங்கிவிடும், சிலருக்குத்தான் பின்னால் லூபஸ் என்றோ வேறொன்று என்றோ தெளியும். அதற்காகத்தான் திரும்பத் திரும்ப வரச் சொல்வது.

ஆயிரக்கணக்கில் ரூபாய் கேட்கும் பரிசோதனைகளுக்கு நடுவே மலிவான இரண்டை விட்டுவிடாதீர்கள்: சிறுநீரும் ரத்த அழுத்தமும். லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போது வலிக்காது. சிறுநீரில் புரதம் கசிவதுதான் முதல் துப்பு. கால் வீங்கி, முகம் உப்பி வந்து நிற்கும்போது நாள் கடந்திருக்கும்.

மருந்து என்று வந்தால் பெரும்பாலும் ஹைட்ராக்சிகுளோரோகுயினில் தொடங்குவார்கள். மலேரியா மாத்திரைக் குடும்பம். 2020இல் கொரோனாவுக்கு இது கேட்கும் என்று ஒரு வதந்தி மாதிரி கிளம்பி, கொரோனாவுக்கும் பலனில்லாமல், லூபஸ்காரர்களுக்கு மருந்துக்கடையில் கிடைக்காமல் போனதே, அதே மாத்திரைதான். மெதுவாக வேலை செய்யும், பலன் தெரிய இரண்டு மூன்று மாதமாகும். எடைக்கு ஏற்ற அளவுதான் கொடுப்பார்கள். நீண்ட நாள் சாப்பிட்டால் விழித்திரையைப் பாதிக்கலாம் என்பதால் கண் டாக்டரிடமும் அனுப்புவார்கள். ‘கண்ணுக்குக் கெடுதலாமே’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு நடுவில் நிறுத்திவிட்டு, நோய் திரும்ப மூண்டு ஆஸ்பத்திரியில் படுப்பது நம் ஊரில் சகஜம்.

ஸ்டீராய்டைப் பற்றி இரண்டு பக்கமும் சொல்லியாக வேண்டும். 1948இல் பிலிப் ஹென்ச் முடக்குவாதக்காரர் ஒருவருக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார், படுத்தபடுக்கையாகக் கிடந்தவர் சில நாளில் எழுந்து நடந்தார். 1950இல் நோபல் பரிசும் வந்தது. அந்த மந்திரத்துக்கான விலை பிறகுதான் தெரிந்தது: முகம் உப்பல், சர்க்கரை, எலும்பு மெலிவு. சிறுநீரகமோ மூளையோ பாதிக்கப்பட்டால் ஸ்டீராய்டு உயிர் காக்கும். அப்போது வேண்டாம் என்று அடம்பிடிக்கக் கூடாது. ஆனால் மருந்துக்கடையில் ‘மூட்டு வலிக்கு’ என்று கேட்டால் தாளில் மடித்துத் தருகிற பெயரில்லாத மாத்திரைகளில் பல நேரம் இதுதான் இருக்கும். ஒருவேளை உங்கள் தங்கைக்கு ஸ்க்ளீரோடெர்மா இருந்தால், அதிக அளவு ஸ்டீராய்டு திடீரென்று ரத்த அழுத்தத்தை ஏற்றிச் சிறுநீரகத்தை முடக்கிவிடும் அபாயம் இருக்கிறது. நோய் எது என்று தெரியும்வரை அந்த மடித்த தாள் வேண்டாம். ஏற்கெனவே பல வாரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தானாக நிறுத்தவும் வேண்டாம். திடீரென்று விட்டாலும் ஆபத்து, டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் 31 வயது என்பதால் சொல்கிறேன். குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் முதல் நாளே டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். நோய் குறைந்தது ஆறு மாதம் அடங்கியிருக்கும்போது கருத்தரித்தால் பெரும்பாலும் நன்றாகவே போகும். மெத்தோட்ரெக்சேட், மைக்கோஃபினோலேட் போன்ற மருந்துகள் கருவுக்கு ஆகாது, முன்கூட்டியே மாற்ற வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயினைக் கர்ப்பத்திலும் தொடரச் சொல்வார்கள். ஆன்ட்டி-ரோ என்ற ஆன்டிபாடி இருந்தால், அது நஞ்சுக்கொடி தாண்டிப் போய் நூற்றில் இரண்டு போல் குழந்தைகளுக்கு இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கும்; அதனால் வயிற்றிலிருக்கும்போதே எக்கோ பார்ப்பார்கள். இதையெல்லாம் மாமியார் வீட்டுக்குத் தெரியாமல் மறைத்து, மாத்திரையை ஒளித்துவைத்துச் சாப்பிடும் பெண்கள் இருக்கிறார்கள். அண்ணனாக நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டிய இடம் இதுதான்.

கடைசியாகக் கொலாஜன் பவுடர். மாட்டுத் தோலிலோ மீன் தோலிலோ எடுத்த கொலாஜனை உடைத்துப் பொடியாக்கியது அது. ஆட்டுக்கால் சூப் ஆறினால் ஜெல்லி மாதிரி உறைகிறதே, அதுவும் கொலாஜன்தான், வெந்து முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினாகிவிட்டது. எது சாப்பிட்டாலும் குடல் அதை அமினோ அமிலமாகவும் குட்டித் துணுக்குகளாகவும் வெட்டித்தான் உள்ளே அனுப்பும், கயிறு கயிறாக விரல் மூட்டுக்குப் போய்ச் சேராது. தோலின் ஈரப்பதத்துக்கு ஏதோ கொஞ்சம் உதவும் என்று சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் உங்கள் தங்கை உடம்பில் கொலாஜனுக்குப் பஞ்சம் இல்லை. ஸ்க்ளீரோடெர்மா என்று வந்தால் அங்கே பிரச்சினையே கொலாஜன் கூடிப்போவதுதான், தோல் இறுகுவது அதனால்தான். அந்தப் பணத்துக்கு ஆன்டிபாடி பரிசோதனை எடுத்துவிடலாம். சூப் பிடிக்குமென்றால் சூப் குடிக்கட்டும், உப்பு மட்டும் குறைவாக.

ருமட்டாலஜி டாக்டரைப் பார்க்கப் போவதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். விரல் வெளுக்கும்போது உடனே போனில் ஒரு படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். டாக்டர் அறைக்குள் நுழையும்போது விரல் சிவந்து நல்ல பிள்ளையாக இருக்கும், சொன்னால் நம்பவும் முடியாது. முடி கொட்டுகிறதா, வெயில் பட்டால் கன்னத்தில் தடிப்பு வருகிறதா, வாயில் வலியில்லாத புண், வறண்ட கண், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, கரு கலைந்திருக்கிறதா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இதுவரை சாப்பிட்ட மாத்திரை அட்டைகள், நாட்டு மருந்து டப்பாக்கள் எதையும் தூக்கிப் போடாமல் பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஏ.என்.ஏ. ரிப்போர்ட்டில் நீர்த்தல் எண் இருக்கும் பக்கத்தை மேலே வையுங்கள். கையுறை, காலுறை வாங்கிக் கொடுங்கள், ஆபீஸில் ஏசி காற்று நேராக அடிக்காத நாற்காலியாகப் பார்த்து உட்காரட்டும்.